டிசம்பரில் வந்த யோம் கிப்பூர்

போன மாதம் காவ்யா ஃபோன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற ஒலிநாடாக் காப்பகத்தில் இப்போது வேலை பார்ப்பவள். இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமாண்டில் பிறந்து வளர்ந்த பெண். நான் தமிழில் பேசினால் முழுக்கப் புரியும், பதில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் வரும்.

“ஆன்ட்டி, ஸாரி டு பாதர் யூ. பழைய டேப்ஸ் எல்லாத்தையும் நியூ சிஸ்டம்ல ஏத்தறோம். ஒரே ஒரு டெஸ்டிமனி மட்டும் ரிஜெக்ட் ஆகுது. ஒரு இன்சிடென்ட்டுக்கு ரெண்டு டேட் குடுத்திருக்கீங்க. ஒண்ணு யோம் கிப்பூர், இன்னொண்ணு டிசம்பர். யோம் கிப்பூர் டிசம்பர்ல வரவே வராது. சிஸ்டம் வில் டேக் ஒன்லி ஒன். விச் ஒன் இஸ் கரெக்ட்?”

“யாரோட டெஸ்டிமனி கண்ணு?”

பெயரைச் சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ரெண்டும் கரெக்ட்.”

“ஹவ் கேன் இட் பி போத்...”

“ஃபோன்ல சொல்ற விஷயமில்ல. எழுதி அனுப்பறேன். தமிழ்லதான் எழுதுவேன், உங்கம்மாவப் படிச்சுக் காட்டச் சொல்லு.”

வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் எம்.ஏ. வரலாறு படித்தவள். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவருக்கு சான்டா கிளாராவில் சிப் கம்பெனி வேலை கிடைத்து சன்னிவேலுக்கு வந்து சேர்ந்தோம். கிரீன் கார்டு வருகிற வரை எனக்குச் சம்பள வேலை கிடையாது. ஒவ்வொரு சாப்பாட்டு நேரத்திலும் அவர் ஆரம்பிப்பார். “சிலிக்கான் வேலியில ஹிஸ்டரிக்கு என்ன அம்மிணி வேலை? பேசாம ஒரு சி ப்ளஸ் ப்ளஸ் கோர்ஸ் போட்டு விடு.” போட்டேன். வகுப்பில் நன்றாகத் தூக்கம் வந்தது.

அப்போதுதான் ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் ஐரோப்பாவின் யூதர்களைக் கொன்று குவித்தபோது பிழைத்து வந்தவர்கள் பேசிய ஒலிநாடாக்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுக் குறிப்பு எடுக்கத் தன்னார்வலர்கள் தேவை என்றிருந்தது. பேசுகிற வேலை என்றால் என் ஆங்கிலத்தை நினைத்து ஓடியிருப்பேன். கேட்கிற வேலைதானே என்று போனேன். ஹிட்லரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எம்.ஏ.வில் எழுதிய பத்து மார்க் கேள்விக்கான விடை மட்டும். அதை வைத்துக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாடாவில் ஒரு முதியவர், தன் அப்பா காலணிக்கு மெருகு போடுகிற விதத்தை அரை மணி நேரம் சொன்னார். எப்போது நாஜிகளின் வதை முகாமுக்கு வருவார் என்று காத்திருந்தேன். வந்தபோது அப்பாவின் காலணியை அவர் எங்கே கடைசியாகப் பார்த்தார் என்று சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் இரவு சமைக்கவில்லை. கணவர் பீட்சா வாங்கி வந்தார். சி ப்ளஸ் ப்ளஸ் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. கிரீன் கார்டு வந்ததும் காப்பகம் என்னைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது.

ஹெலன் மேடம்தான் காப்பகத்தின் தலைவர். அமெரிக்காவில் பிறந்த யூதப் பெண்மணி. அவருடைய பெற்றோர் போருக்கு வெகுமுன்பே இங்கே வந்துவிட்டார்கள். குள்ளமான உருவம், பாக்கெட் தொங்கிப்போன ஒரு கம்பளிச் சட்டை, ஃப்ரீவேயில் எல்லாரும் ஹாரன் அடிக்கும் வேகத்தில் ஓட்டுகிற ஒரு பழைய கார். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். “மேடம் என்று கூப்பிட நான் என்ன இங்கிலாந்து ராணியா?” என்று கேட்டார். அம்மா வயதில் இருப்பவரை மொட்டையாக ஹெலன் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார். வேறு எதிலும் விட்டுக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த வேலைக்கு வருமுன் அவர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சியும் வக்கீலும் பேசுவதை ஒரு சொல் விடாமல் எடுக்கிற வேலை. அந்தப் பழக்கம் போகவேயில்லை. யாராவது ‘அந்த அம்மாவின் கதை’ என்று சொல்லிவிட்டால், “கதைப் புத்தகங்கள் நூலகத்தில் இருக்கின்றன, இங்கே சாட்சியம்தான் இருக்கிறது” என்பார். (அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.)

பேட்டி எடுக்க வீடுகளுக்குப் போகும்போது பலமுறை கூடப் போயிருக்கிறேன். அதைப் பார்ப்பதே ஒரு பாடம். முதலில் சமையலறைக்குப் போய், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, குளிர்பெட்டியை அணைப்பார். அதன் இரைச்சல் நாடாவில் விழும். அணைத்த கையோடு தன் கார் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைப்பார். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, ஆகவே பெட்டியைத் திரும்பப் போடாமல் கிளம்பவும் முடியாது. அடுத்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். பேசுகிறவர் ஒரு பெரிய துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கேட்கிறவர் மணி பார்த்தார் என்று ஆகிவிடக் கூடாது. தண்ணீரை எந்தக் கைப்பக்கம் வைக்கட்டும் என்று கேட்டு வைப்பார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி எட்டுகிற தூரத்தில் இருக்கும், ஆனால் எடுத்து நீட்ட மாட்டார்.

“அழுகிறவரின் கையில் அதைத் திணித்தால், போதும் நிறுத்து என்று அர்த்தம். அவரே எடுத்துக்கொள்ளட்டும்.”

இது எனக்கு மகா கஷ்டமாக இருந்தது. நம் ஊரில் யாராவது கண்ணைத் துடைத்தால் நாலு பேர் ஓடிவந்து “அழாதீங்க, அழாதீங்க” என்று தோளைத் தட்டுவோம். என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகினேன்.

காப்பகத்தில் நாடாவைக் கேட்பதற்கும் முறை உண்டு. முதல் தடவை பேனா கூடாது. கைகள் மேஜைமேல் வெறுமனே இருக்க வேண்டும். “பேனா பிடித்தவள் எழுதத் தகுந்ததை மட்டும் கேட்பாள்” என்பார். இரண்டாம் தடவைதான் குறிப்பு. பேசியதை மட்டுமல்ல, பேசாமல் இருந்ததையும் எழுத வேண்டும். எந்தக் கேள்விக்குப் பிறகு அமைதி, எவ்வளவு நேரம், மூச்சு எப்படி இருந்தது எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. சாட்சியின் வாயில் நாம் சொல்லை வைக்கக் கூடாது. “நீங்கள் பயந்தீர்களா?” என்று கேட்கக் கூடாது. “பிறகு?” என்று கேட்கலாம். சும்மா இருப்பது அதைவிடச் சிறந்தது.

இந்த விதிகளெல்லாம் எதற்கு என்று எனக்கு விளங்கியது இலோனா அம்மாவின் விஷயத்தில்தான்.

இலோனா ஹங்கேரி நாட்டு யூதர். போர் முடிந்து அமெரிக்கா வந்து, சான் மட்டேயோவில் தையல் வேலை செய்து, கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தவர். காப்பகம் தொடங்கிய புதிதிலேயே, நான் சேர்வதற்கு முன்னால், ஹெலன் மேடமே அவரைப் பேட்டி எடுத்திருந்தார். அப்போது குறிப்பு எடுக்க ஆள் இல்லை. வெளியே ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்து எழுத்தாக்கி வைத்திருந்தார்கள்.

அவர் சாட்சியம் சொல்ல ஒப்புக்கொண்டதே ஷாரி என்ற தோழிக்காக. பத்தொன்பது வயதுப் பெண். இருவரும் ஜெர்மானியர்கள் நடத்திய ஒரு தொழிற்சாலை முகாமில் ஒரே பலகையில் படுத்தவர்கள். யோம் கிப்பூர் என்பது யூதர்களின் வருடத்திலேயே புனிதமான நோன்பு நாள். ஒரு மாலையிலிருந்து மறுநாள் பொழுது சாய்கிறவரை தண்ணீர்கூடக் கிடையாது. அந்த முகாமில், பட்டினியின் நடுவே, சில பெண்கள் அந்த நோன்பை இருந்தார்கள். காலையில் கிடைத்த ரொட்டித் துண்டைக் கையில் வைத்திருந்தால் தின்றுவிடுவோம் என்று பயந்து எல்லாரும் ஷாரியிடம் கொடுத்துவைத்தார்கள். அவள் அதைத் துணியில் கட்டித் தன் உடைக்குள் வைத்துக்கொண்டாள். மதியம் பனியில் நிற்கவைத்து எண்ணியபோது காவல்காரி கண்டுபிடித்தாள். ரொட்டி சேர்ப்பது தப்பி ஓடத் திட்டமிடுவது என்று எடுத்துக்கொள்வார்கள். யாருடைய ரொட்டி என்று கேட்டு அடித்தார்கள். ஷாரி ஒரு பெயரும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் இறந்துபோனாள்.

ஷாரியின் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. புகைப்படம் இல்லை, கல்லறை இல்லை. இலோனா நாடாவின் முடிவில் சொல்கிறார், “அவளை நினைக்க உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். எனக்கும் வயதாகிறது. எங்காவது அச்சில் அவள் பெயர் இருக்க வேண்டும்.”

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம், டெக்ஸஸ் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பீட்டர் என்ற வரலாற்று ஆய்வாளர் வந்தார். தொழிற்சாலை முகாம்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வருடக் கணக்காக ஜெர்மானிய ஆவணங்களைப் படித்தவர், நல்ல மனிதர். டெக்ஸஸ் வழக்கப்படி எல்லாப் பெண்களையும் ‘மேம்’ என்று அழைத்தார். மேடம் போடுகிற ஆள் நான் மட்டுமல்ல என்று எனக்கு ஒரு தெம்பு.

இலோனாவின் சாட்சியத்தை எழுத்தில் படித்துவிட்டு அவர் வாடிய முகத்தோடு வந்தார்.

“இது என் புத்தகத்தின் இதயமாக இருந்திருக்கும் மேம். ஆனால் சேர்க்க முடியாது. யோம் கிப்பூர் அந்த வருடம், 1944இல், செப்டம்பர் கடைசியில் வந்தது. இவரும் செப்டம்பர் என்றே சொல்கிறார். ஆவணப்படி அந்தப் பெண்கள் அந்த முகாமுக்கு வந்ததே நவம்பரில்தான். செப்டம்பரில் அங்கே தரையில் பனியும் கிடையாது. வேறு எங்கோ நடந்ததை இவர் இங்கே சேர்த்துச் சொல்கிறார். அல்லது...”

அந்த ‘அல்லது’வை அவர் முடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

“ஒரு மாதம் தவறினால் ஒரு பெண் செத்தது பொய்யாகிவிடுமா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஆகாது மேம். இப்படி ஒரு படுகொலையே நடக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தேதி தவறு கிடைக்காதா என்றுதான் அவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த அம்மாவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.”

மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாகவே ஒரு பெண்ணின் பெயர் அழியப் போகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஹெலன் மேடம் கேட்டார், “நாடாவைக் கேட்டீர்களா?”

“எழுத்து வடிவம் இருக்கிறதே.”

“ஆவணம், கொன்றவன் எழுதியது. சாட்சியம், தப்பியவள் சொன்னது. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிப்பதற்கு முன் இரண்டையும் ஒழுங்காகப் படிக்க வேண்டும். சாட்சியத்தைக் காதால்தான் படிக்க முடியும். பேனாவை வைத்துவிட்டு வாருங்கள்.”

மூன்று பேரும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கைகள் மேஜைமேல். அந்த இடம் வந்தது. இலோனா தெளிவாகச் சொல்கிறார்: “அன்று யோம் கிப்பூர். தரையெல்லாம் பனி.” உடனே கேட்கிறவரின் குரல், கனிவான குரல், “அப்படியென்றால் அது செப்டம்பர், இல்லையா?”

பிறகு அமைதி. நாடா சுற்றுகிற சத்தம் மட்டும். இலோனா ஒரு முறை மூச்சு இழுத்து விடுகிறார். இன்னும் அமைதி. அதன்பிறகு, சின்னக் குரலில், “ஆம். செப்டம்பர்.”

தட்டச்சு செய்தவர்கள் கேள்வியை விட்டுவிட்டு, அமைதியையும் விட்டுவிட்டு, “செப்டம்பர்” என்பதை மட்டும் இலோனாவின் பேச்சில் சேர்த்திருந்தார்கள்.

கேட்ட குரல் ஹெலன் மேடமுடையது.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அப்ஜெக்ஷன்” என்றார், யாரையும் பார்க்காமல். “சாட்சியின் வாயில் விடையை வைக்கிறாள். யோம் கிப்பூர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்து செப்டம்பர், அக்டோபர், இலை உதிர்கிற காலம். எனக்குத் தெரிந்ததை அவளுக்கு ஊட்டிவிட்டேன். அந்த ‘ஆம்’ அவளுடையது இல்லை.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியர் இருந்தார். பலகையில் எழுதிய வருடம் தவறு என்று சுட்டிக்காட்டிய மாணவனை வெளியே நிற்கவைத்தவர். இந்த அம்மாவோ வெளியூர்க்காரர் முன்னால், தனக்குக் கீழே வேலை பார்ப்பவள் முன்னால், தன்னையே கூண்டில் ஏற்றிக்கொண்டார். முகத்தில் அவமானம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பீட்டர் மெதுவாகச் சொன்னார், “சரி, செப்டம்பரை எடுத்துவிடுவோம். யோம் கிப்பூர் இருக்கிறதே. பனியில் எப்படி யோம் கிப்பூர் வரும்?”

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததில்லை. “எங்கள் பொங்கல் போன சனிக்கிழமைதான் நடந்தது” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். விளக்க வேண்டியதாயிற்று. பொங்கல் சூரியனுக்கான பண்டிகை, ஜனவரி நடுவில் வரும், தை முதல் நாள் என்றால் தை முதல் நாள்தான், மாற்ற முடியாது. ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ரமேஷ் அந்த வருடம் ஃபோனில் சொன்னது இதுதான்: “அக்கா, ஜான்வரி ஃபுல்லா ஸ்கூல் கஃபெடீரியா புக் ஆயிடுச்சு. ஃபெப்ரவரில ஒரு சாட்டர்டேதான் கெடச்சுது. சூரிய பகவான் அட்ஜஸ்ட் பண்ணிக்குவார்.” அப்படியே பிப்ரவரியில், கஃபெடீரியா மின்அடுப்பில், ஃபயர் அலாரம் அடித்துவிடுமோ என்ற பயத்தோடு பால் பொங்கவைத்தோம். குழந்தைகள் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தின. கண்ணில் தண்ணீர் வந்தது. பொங்கல் இல்லை என்று யார் சொல்வது?

“உண்மையான நாளில் என்ன செய்தாய்?” என்று ஹெலன் மேடம் கேட்டார்.

“வேலைக்கு வந்தேன். உங்களோடுதான் இருந்தேன்.”

பீட்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்று, நேராக உட்கார்ந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எங்களுக்கும் புரிந்தது. உடனே ஹெலன் மேடம் விரலை உயர்த்தினார். “ஊகம் வேண்டாம். கேட்போம். வசந்தி, நீயும் வருகிறாய். பொங்கல் என்று ஒரு சொல் உன் வாயிலிருந்து வரக் கூடாது. மறுபடியும் ஒரு விடையை அவள் வாயில் வைத்தோமானால் அந்தச் சாட்சியம் செத்துவிடும்.”

பீட்டர் தன் டெக்ஸஸ் விமானப் பயணத்தைத் தள்ளிவைத்தார்.

இலோனா வீட்டில் எலுமிச்சைக் கேக் வைத்திருந்தார். ஹெலன் மேடம் குளிர்பெட்டியை அணைத்து, சாவியை உள்ளே வைத்து, கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஒலிப்பதிவைத் தொடங்கிச் சொன்னார்: “போன தடவை நீங்கள் பேசும்போது ஓரிடத்தில் நான் குறுக்கே பேசினேன். அது என் தவறு. மன்னிப்புக் கேட்க வந்தேன். ஷாரி இறந்த நாளைப் பற்றி இன்னொரு முறை சொல்வீர்களா?”

இலோனா அவரைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். பேசவில்லை.

அந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. பீட்டர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. “நோன்பு நாளை மாற்றிவைத்தீர்களா அம்மா?” என்று கேட்டால் முடிந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டேன். ஹெலன் மேடம் மட்டும் சிவனே என்று உட்கார்ந்திருந்தார். அவசரமே இல்லாத முகம். அந்த அம்மாள் சாயங்காலம் வரை பேசாமல் இருந்திருந்தாலும் அவர் அப்படியே இருந்திருப்பார்.

“சொன்னால் நீங்கள் எங்களைத் தப்பாக நினைப்பீர்கள்” என்றார் இலோனா கடைசியில்.

“பிறகு?” என்றார் ஹெலன் மேடம்.

“அது அந்த நாள் இல்லை. அந்த நாள் எப்போதோ போய்விட்டது. முதலில் எங்களை வைத்திருந்த பெரிய முகாமில் கிழமையே தெரியாமல் இருந்தோம். தொழிற்சாலைக்கு வந்தபிறகு, புதிதாக வந்த பெண்கள் சொல்லித்தான் யோம் கிப்பூர் முடிந்தே போயிற்று என்று தெரியும். ஷாரி அழுதாள். வருடம் பூராவும் சரியாக இருந்தவர்கள், அந்த ஒரு நாளைத் தவறவிட்டோமே என்று. எங்களோடு மதகுரு ஒருவரின், ஒரு ரபியின், மகள் இருந்தாள், மூத்தவள். அவளிடம் கேட்டோம். நோன்பு நாளை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை என்றாள். கொஞ்சம் யோசித்து, ஆனால் தாமதமாக வந்தவர்களும் கதவைத் தட்டலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்கள் ஓடாது. அடுத்த ஞாயிறு நோன்பு என்று முடிவு செய்தோம். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால். பனி இவ்வளவு இருந்தது.” கையை முழங்கால் உயரத்தில் காட்டினார். அதை ஹெலன் மேடம் உடனே வாயால் சொன்னார், ஒலிநாடாவில் கை தெரியாதே. “முழங்கால் உயரம் காட்டுகிறார்.”

இலோனா தொடர்ந்தார். “நீ செப்டம்பரா என்று கேட்டாய். இல்லை என்றால் நாங்கள் நாளை மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். அப்போது எல்லாரும், அது யோம் கிப்பூரே இல்லை, இந்தப் பெண்கள் என்னவோ விளையாடியிருக்கிறார்கள் என்பார்கள். அப்படியானால் ஷாரி எதற்காகச் செத்தாள்? அதனால் ஆம் என்றேன். அந்த மூட்டையில் என் ரொட்டியும் இருந்தது.”

அழுதார். ஒருவரும் கைக்குட்டையை நீட்டவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன், அதற்கு விதி எதுவும் இல்லை.

ஒலிப்பதிவு முடிந்து கேக் சாப்பிடும்போது என்னைப் பார்த்து, “நீ ஏன் உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாய்?” என்று கேட்டார். ஹெலன் மேடம் சரி என்று தலையாட்டினார். பொங்கலையும் கஃபெடீரியாவையும் சொன்னேன். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். “ஹால் கிடைக்கவில்லையா! எங்களுக்கும் அதேதான் பிரச்சினை.” அந்த வீட்டில் நாங்கள் நாலு பேரும் அப்படிச் சிரித்தது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது பாதி வழியில் ஹெலன் மேடம் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். கிளம்பும்போது சாவியை எடுத்த கையோடு குளிர்பெட்டியைத் திரும்பப் போட்டாரா என்று கேட்டேன். “போட்டேன்” என்றார். குரல் கம்மியிருந்தது.

பீட்டர் ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையின் வேலைப் பதிவுகளைத் தேடினார். அதே முகாமில் இருந்த வேறு பெண்களின் சாட்சியங்கள் மற்றக் காப்பகங்களில் இருக்கின்றனவா என்று தேடினார். இஸ்ரேலில் ஒரு பெண், ‘குளிர்காலத்தில் வைத்த நோன்பு’ என்று பேசிய நாடா கிடைத்தது. அந்த அம்மாள் ரொட்டி வைத்திருந்த பெண்ணின் பெயரை மறந்திருந்தார், அடித்த காட்சியை மறக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது ஒன்றையொன்று தாங்கி நின்றன. எந்த ஞாயிறு என்பதைக்கூட பீட்டர் கணக்கிட்டுவிட்டார். ஒரு சாட்சியை நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவது அல்ல, அவருக்காக இவ்வளவு உழைப்பது என்று அந்த மனிதரிடம் கற்றுக்கொண்டேன். முதலில் அவர்மேல் கோபப்பட்டதற்கு ஒரு பெரிய டப்பா முறுக்கு அனுப்பி ஈடுகட்டினேன்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அந்தத் தேதியை இலோனாவிடம் கொடுக்க பீட்டரே வந்தார். பாவம், ஒரு பரிசுபோல அதைக் கொண்டுவந்தார். யூதர்கள் இறந்தவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இறந்த நாளில் விளக்கு ஏற்றுவார்கள். இத்தனை வருடமும் இலோனா அதை யோம் கிப்பூர் அன்றுதான் ஏற்றி வந்தார். இனி சரியான நாளில் ஏற்றலாமே என்பது பீட்டரின் எண்ணம்.

இலோனா காகிதத்தை வாங்கிப் படித்தார். நன்றி சொன்னார். பிறகு சொன்னார்:

“உன் புத்தகத்தில் டிசம்பர் என்று போடு. அது உண்மை. நான் விளக்கை யோம் கிப்பூரில்தான் ஏற்றுவேன். ஷாரி செத்தது அன்றுதான். அதுவும் உண்மை.”

பீட்டர் இரண்டையும் புத்தகத்தில் போட்டார். ஷாரியின் பெயர் அத்தியாயத்தின் முதல் வரியில் இருக்கிறது. இலோனா அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஹெலன் மேடம் என்னிடம், அட்டவணையிலும் இரண்டு நாளையும் பதியச் சொன்னார். பதிந்தவள் நான்.

அதன்பிறகு புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் ஹெலன் மேடம் முதல் நாள் அந்தப் பழைய நாடாவைப் போடுவார். “அப்படியென்றால் அது செப்டம்பர், இல்லையா?” என்ற இடத்தில் நிறுத்தி, “இது யார் குரல்?” என்று கேட்பார். வந்தவர்கள் சங்கடத்தோடு, “உங்கள் குரல்” என்பார்கள். “ஆமாம். இனிக் கவனமாகக் கேளுங்கள்” என்று அந்த நீண்ட அமைதியை ஓடவிடுவார். ஓய்வு பெறும் நாள் வரை இதைச் செய்தார். எத்தனையோ கெட்டிக்காரர்களின் கீழ் வேலை பார்த்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். தன் தவறையே பாடப்புத்தகமாக்கிய ஒருவரின் கீழ் வேலை பார்த்தவள் நான் என்று எனக்கு இன்றும் கொஞ்சம் திமிர் உண்டு.

இதுவரை எழுதியதை அனுப்பிய பிறகு காவ்யா மறுபடி ஃபோன் பண்ணினாள். அவள் அம்மா படித்துக் காட்டினாராம். குரல் மாறியிருந்தது.

“ஆன்ட்டி, ஐ லிசன்ட் டு த டேப்ஸ். போத். பேனா இல்லாம. நியூ சாஃப்ட்வேர் அந்த சைலன்ஸ கட் பண்ணிடுச்சு. ஒரிஜினல் டேப் போட்டுத்தான் கேட்டேன். ஐ டோன்ட் நோ வாட் டு டூ. ஸ்டில் அந்த ஸ்க்ரீன்ல ஒரு டேட்டுக்குத்தான் இடம் இருக்கு.”

“அப்படீன்னா குறை அந்த ஸ்க்ரீன்லதான் கண்ணு இருக்குது. ஷாரிகிட்ட இல்ல.”

அவள் பதில் சொல்லவில்லை. நான் குறுக்கே பேசாமல் காத்திருந்தேன்.